இடாப்பிலிருந்து நீங்காத பெயர்கள்

(பெற்றார் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய பேச்சின் முழு வடிவம்)

      

இன்று பேசும்படி எனக்குத் தரப்பட்ட பொருள் எளிதான பொருளன்று. ஒரு வகுப்பிலே சேர்ந்து பயின்று, அவ்வகுப்பு நிறைவெய்தும் நாளுக்கு முன்னரே மறைந்துபோன மாணவனுக்கு அந்த நிறைவு விழாவிலே இடம் உண்டா? உண்டெனின் அஃது எத்தகைய இடம்? இதுவே கேள்வி.

"மகிழ்ச்சியான நாளிலே துயரத்தை ஏன் கிளற வேண்டும்?" என்று கேட்பார் உளர். "எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வாசித்தார்கள், எங்கள் பிள்ளையின் பெயரை மட்டும் வாசியாது விட்டார்களே" என்று நெஞ்சம் குமுறும் பெற்றாரும் உளர். இரு சாராரும் நல்லவர்களே. ஆயினும் இரு சாராரின் விருப்பமும் ஒருங்கே நிறைவேற முடியாத வேளையிலே ஒரு விதி வேண்டியிருக்கின்றது. விதி இல்லாத இடத்தில் முடிவு செய்பவர் யார்? அன்றைய நாளிலே ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருப்பவரே முடிவு செய்வார். அது முறையன்று.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றேன். மறைந்த மாணவனின் பெயர், அவன் உயிரோடிருந்தால் எந்த இடத்தில் அழைக்கப்பட்டிருக்குமோ அந்த இடத்திலேயே அழைக்கப்படல் வேண்டும். அவ்வாறு அழைப்பது பள்ளிக்கூடம் காட்டும் தயவு அன்று. அம்மாணவனுக்கும் அவனுடைய குடும்பத்துக்கும் உள்ள உரிமை. இம்முடிவுக்கு நான் வந்த வழியை எடுத்துரைப்பதற்கு உங்களைத் தென்கொரிய நாட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில், இக்கேள்வி முழுவதும் அந்நாட்டின் ஒரு பள்ளிக்கூடத்திலே ஐந்தாண்டு காலம் நின்று வழக்காடப்பட்டது.

கடலோடு போன வகுப்புகள்

தென்கொரியாவிலே அன்சான் என்னும் நகரத்தில் தன்வொன் உயர்நிலைப் பள்ளி இருக்கின்றது. 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி இரவு, அப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர் 325 பேர், ஆசிரியர்களுடன் இஞ்சொன் துறைமுகத்திலே சேவோல் என்னும் கப்பலில் ஏறினர். ஜேஜு தீவுக்குக் கல்விச் சுற்றுலா. எமது நாட்டிலே உயர்தர வகுப்பிலே படிக்கும் பிள்ளைகளின் வயதினர் அவர்கள். மறுநாட் காலை அக்கப்பல் சரிந்தது. "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று ஒலிபெருக்கியிலே திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டது. சொற்கேட்டு இருந்த பிள்ளைகள் இருந்தபடியே நீரில் மூழ்கினர். கப்பலின் தலைவரோ முன்னரே வெளியேறிக் கரை சேர்ந்தார். கப்பலில் இருந்த 476 பேரில் 304 பேர் மாண்டனர். அவர்களுள் 250 பேர் அந்த ஒரே பள்ளிக்கூடத்தின் மாணவர். உயிரோடு திரும்பிய மாணவர் 75 பேர்.

கப்பல் தலைவரின் குற்றத்தை நீதிமன்றங்கள் விசாரித்தன. 2015ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் கொலைக் குற்றவாளியெனக் கண்டு ஆயுட்காலச் சிறைத் தண்டனை விதித்தது. அந்நாட்டின் உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வழக்கைப் பற்றி நான் பேச வரவில்லை. நீதிமன்றத்துக்குப் போகாத மற்றொரு வழக்கைப் பற்றியே பேச வந்தேன். அவ்வழக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் இடாப்பிலே நடந்தது.

இரண்டாம் ஆண்டுக்கு உரியவை பத்து வகுப்பறைகள். விபத்துக்குப் பின்னர் அவ்வறைகள் அப்படியே விடப்பட்டன. மேசைகளிலே மலர்களும் கடிதங்களும் படங்களும் நிறைந்தன. உயிர் தப்பிய மாணவர்கள் 2014ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி பள்ளிக்குத் திரும்பினர். காலம் ஓடியது. 2016ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி அவர்களுடைய பட்டமளிப்பு நாள் வந்தது. மறைந்தோருக்கும் அதே காலத்திலே கௌரவப் பட்டமளிப்பு நடத்தலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. பெற்றார் மறுத்துவிட்டனர்.

விழாவை மறுத்த பெற்றார்

ஏன் மறுத்தனர்? இதனைக் கவனமாக நோக்க வேண்டுகின்றேன். தம் பிள்ளைகளுக்கு மதிப்பளிக்கப்படுவதை அவர்கள் வெறுத்தார்களா? இல்லை. அன்றைய நிலையிலே நான்கு மாணவரின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. கப்பல் கடலடியிலேயே கிடந்தது. "எல்லாப் பிள்ளைகளும் இன்னும் வந்து சேரவில்லை; வந்து சேராத பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் எப்படி விழா நடத்துவது?" என்பதே அவர்களின் நிலைப்பாடு. தன் பிள்ளையின் உடலைப் பெற்று ஈமக்கடன் முடித்த தாயும், பெறாத தாய்க்காகக் காத்து நின்றாள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய முதற் பாடம் இதுவாகும்: மறைந்தோருக்கு எடுக்கும் விழா, உண்மையைத் தேடும் கடமைக்கு ஈடாகாது. விழா எடுத்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்று பெட்டியைப் பூட்டுவதற்காக நடத்தப்படும் மரியாதை, மரியாதை ஆகாது. அந்த விழாவுக்குரிய வேளை எது என்று சொல்லும் உரிமை பெற்றாருக்கே உண்டு.

இடாப்பிலே நிகழ்ந்தது

இனி, சட்டம் பயின்றவன் என்ற முறையிலே என் மனத்தை மிகவும் உறுத்திய நிகழ்ச்சிக்கு வருகின்றேன். புதிய மாணவர் சேரச் சேர அப்பள்ளியிலே வகுப்பறை போதாதாயிற்று. மறைந்தோரின் பத்து அறைகளையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று புதிய மாணவரின் பெற்றார் கேட்டனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. உயிரோடிருக்கும் பிள்ளைக்கும் இருந்து படிக்க ஓர் அறை வேண்டுமன்றோ? நீண்ட பேச்சுவார்த்தையின் பின்னர், அறைகளை வேறோரிடத்துக்கு மாற்றிப் பாதுகாப்பது என்று 2016ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. மனம் கல்லாகித்தான் பெற்றார் ஒப்பமிட்டிருப்பர்.

அந்த வேளையிலேதான் ஒரு செய்தி வெளிப்பட்டது. பள்ளியிலே பத்திரம் பெறச் சென்ற இடத்தில், மறைந்த 246 மாணவரின் பெயர்களும் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனவாகப் பதியப்பட்டிருந்தமை தெரியவந்தது. உடல் கிடைக்காத நால்வரும் அதே வகுப்பிலே மறுபடி இருத்தப்பட்டவராகப் பதியப்பட்டிருந்தனர். உயிர் தப்பியோரின் பட்டமளிப்புக்காகப் பதிவுகளை ஒழுங்கு செய்தபோது இவ்வாறு செய்யப்பட்டதாம். பெற்றாருக்கு ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை.

யாரோ ஓர் உத்தியோகத்தர் தீய எண்ணத்துடன் இதனைச் செய்தார் என்று நான் கருதவில்லை. பதிவு முறையிலே "சித்தியெய்தினார்", "விலகினார்", "நீக்கப்பட்டார்", "வகுப்பேறவில்லை" என்ற வகையான கூடுகளே இருக்கும். மாண்ட பிள்ளைக்கு அவற்றிலே கூடு இல்லை. ஆகவே, இருக்கும் கூடுகளுள் ஒன்றிலே அப்பிள்ளையை இட்டுவிடுகின்றனர். ஆனால் அச்சொல்லைப் பெற்ற தாய் வாசிக்கும்போது அதன் பொருள் யாது? ஒழுக்கம் கெட்டு விலக்கப்பட்ட மாணவனுக்கும், கற்பித்தவர் அழைத்துச் சென்ற பயணத்திலே மாண்ட மாணவனுக்கும் ஒரே சொல்லா? நீரிலே கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, "இவன் வகுப்பேறத் தகுதியில்லாதவன்" என்று ஒரு புத்தகம் சொல்லலாமா?

பெற்றார் பள்ளிக்கூடத்திலேயே அமர்ந்து அறப்போராட்டம் தொடங்கினர். மாகாணக் கல்வித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பெயர்கள் மீண்டும் இடாப்பிலே சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பத்து வகுப்பறைகளின் மேசை கதிரைகளும் பொருள்களும் நகரத்தின் கல்வி அலுவலகக் கட்டடமொன்றுக்கு முறையாகக் கொண்டு செல்லப்பட்டன. 2017ஆம் ஆண்டு கப்பல் கடலிலிருந்து மீட்கப்பட்டது. காணாமற்போயிருந்த நான்கு மாணவருள் இருவரின் எச்சங்கள் கிடைத்தன. மற்ற இருவருக்கும் உடலின்றியே அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஈமக்கடன் நடந்தது.

இவையெல்லாம் முடிந்த பின்னர், 2019ஆம் ஆண்டு பெப்ருவரி 12ஆந் திகதி, மாணவர் 250 பேருக்கும் தன்வொன் பள்ளி மண்டபத்திலே கௌரவப் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. பெயர்கள் அழைக்கப்பட்டன. பிள்ளைகள் இருக்க வேண்டிய இடத்திலே பெற்றார் இருந்தனர். அவர்களின் வகுப்புத் தோழர் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. காலந் தாழ்த்தி வந்த விழாவாயினும், பெற்றார் இசைவுடன் வந்தபடியால் அதற்கு ஒரு கண்ணியம் இருந்தது.

ஆசிரியரின் இடாப்பு

இதனோடு சேர்த்து மற்றொன்றையும் கூறுகின்றேன். இங்கே ஆசிரியர் பலர் வந்திருக்கின்றீர்கள். அந்தக் கப்பலிலே மாணவரைக் காப்பதற்காகக் கீழ்த்தளங்களுக்கு இறங்கி மாண்ட ஆசிரியருள் இருவர் ஒப்பந்த அடிப்படையிலே கற்பித்தவர். நிரந்தர ஆசிரியர் கடமையின்போது உயிர்நீத்தார் என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இவ்விருவரை மட்டும், "அவர்கள் அரசாங்க ஊழியர் அல்லர்" என்று மறுத்தது. நீர் மட்டம் உயர்ந்தபோது நிரந்தர நியமனம், தற்காலிக நியமனம் என்று கடல் பார்த்ததா? சட்டம் பார்த்தது. மூன்று ஆண்டுகள் அவர்களின் குடும்பத்தார் போராடினர். 2017ஆம் ஆண்டு மே மாதத்திலே, ஆசிரியர் தினத்தன்று, புதிதாகப் பதவியேற்ற சனாதிபதியின் பணிப்பின் பின்னரே அவர்களின் மரணமும் கடமை மரணம் என்று ஏற்கப்படும் வழி திறந்தது. மறைந்தோருக்குச் செய்யும் மரியாதையிலே வகுப்பு வேறுபாடு புகுந்தால் அது மரியாதையின் பெயரால் செய்யும் அவமதிப்பாக முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்று ஆட்சேபங்கள்

இனி, இவ்விடயத்திலே எழும் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, "மகிழ்ச்சி நாள் துயர நாளாகிவிடும்" என்பது. அமெரிக்காவிலே புளோரிடா மாநிலத்தின் பார்க்லண்ட் நகரப் பள்ளியொன்றிலே 2018ஆம் ஆண்டு பெப்ருவரி 14ஆந் திகதி துப்பாக்கிச் சூட்டினால் 14 மாணவரும் பணியாளர் மூவரும் கொல்லப்பட்டனர். அம்மாணவருள் நால்வர் அவ்வாண்டே பட்டம் பெற்றிருக்க வேண்டியவர்கள். யூன் மாதத்திலே விழா நடந்தது. நால்வருடைய குடும்பத்தாரும் மேடையேறிப் பத்திரங்களைப் பெற்றனர். ஒரு தாயார், "இங்கே நிற்க வேண்டியவன் என் மகன்" என்னும் கருத்துள்ள வாசகம் பொறித்த சட்டையை அணிந்து வந்தார். அந்த விழா நின்றுவிடவில்லை. மற்ற மாணவரும் தத்தம் பத்திரங்களைப் பெற்றனர். துயரம் அம்மண்டபத்திலே ஏற்கனவே இருந்தது. பெயரைச் சொல்லாது விட்டிருந்தால் அது போய்விட்டிருக்குமா? அருகிலிருந்த தோழனை இழந்த மாணவன் எதை மறந்து மகிழ்வான்? பெயரை அழைத்துவிட்டால் அவனும் நிம்மதியாக மேடையேறுவான். ஆகவே இந்த மரியாதை பெற்றாருக்கு மட்டும் உரியதன்று. உயிரோடு எஞ்சிய தோழருக்கும் உரியது.

இரண்டாவது, "படித்து முடியாத கல்விக்குப் பட்டமா?" என்பது. இது படித்தவர்களின் ஆட்சேபம். எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆந் திகதி அமெரிக்காவின் வெர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலே 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் 27 பேர் மாணவர். ஐவர் கற்பித்தவர்கள். அந்த ஐவருள் ஒருவர் தமிழ்நாட்டிலே கோபிசெட்டிபாளையத்துக்கு அண்மையிலே பிறந்த பேராசிரியர் லோகநாதன். நீரியல் கற்பித்துக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே அவர் உயிரிழந்தார். மழை நீரும் ஆற்று நீரும் எவ்வாறு பாயும், எவ்வாறு தேங்கும் என்பதை ஆராயும் கல்வி அது. இங்குள்ள கமக்காரருக்கு அதன் அருமை தெரியும். அடுத்த மாதம் நடந்த பட்டமளிப்பிலே அப்பல்கலைக்கழகம் 27 மாணவருக்கும் பட்டம் வழங்கியது. முதலாம் ஆண்டு மாணவரும் அவர்களுள் இருந்தனர்.

இதனால் பட்டத்தின் மதிப்புக் குறைந்ததா? பட்டம் என்பது ஒருவன் வேலைக்குப் போகும்போது காட்டும் சான்று. மறைந்தவன் அதனைக் கொண்டு எவருடைய வேலையையும் பறிக்கப் போவதில்லை. எவருக்கும் மோசடி நேரவில்லை. எவருக்கும் நட்டம் இல்லை. ஆயினும், உண்மையைத் திரிக்க வேண்டியதும் இல்லை. படிப்பின் பெரும் பகுதியை முடித்தவருக்கு முழுப் பட்டமும், ஏனையோருக்குக் கௌரவப் பத்திரமும் என்று வேறுபடுத்தும் பல்கலைக்கழகங்களும் உள. பத்திரத்திலே என்ன சொல் எழுதுவது என்பதைக் கல்விச் சபை தீர்மானிக்கட்டும். பெயரை அழைப்பதா இல்லையா என்பதற்கு அத்தீர்மானம் வேண்டியதில்லை. அவன் இந்த வகுப்பிலே இருந்தான் என்பது நடந்த உண்மை. உண்மைக்குப் பரீட்சை வைக்க முடியாது.

மூன்றாவது ஆட்சேபமே கடினமானது. "எல்லா மரணமும் ஒன்றா? நோயினால் மாண்ட பிள்ளை, வீதி விபத்திலே மாண்ட பிள்ளை, இவர்களுக்குச் செய்வதைத் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்ட பிள்ளைக்கும் செய்யலாமா? அது மற்றப் பிள்ளைகளுக்குத் தவறான வழி காட்டாதா?" என்று கேட்கின்றனர். இவ்வச்சம் வீணானதன்று. இதனை ஆராய்ந்த அறிஞரும் உளர். அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளையும் தற்கொலைத் தடுப்பு வள நிலையமும் இணைந்து 2011ஆம் ஆண்டிலே பள்ளிக்கூடங்களுக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டன. அதிலே வற்புறுத்தப்படும் நெறி, மாணவரின் மரணங்கள் அனைத்தையும் ஒரே முறையிலே நடத்துங்கள் என்பதாகும். ஒரு பிள்ளைக்குப் பெரும் விழாவும் மற்றொரு பிள்ளைக்கு மௌனமும் என்று செய்தால், மௌனம் காக்கப்பட்ட குடும்பத்தின் மேல் களங்கம் விழும். அப்பிள்ளையின் தோழர் மனமும் புண்படும். அதே வேளையில் அந்த மரணத்தைப் புகழ்ந்து பேசுவதும், அது நிகழ்ந்த விதத்தை விவரிப்பதும், அதனை ஒரு வீரச் செயல்போலக் காட்டுவதும் ஆபத்தானவை. அவற்றை அறவே விலக்க வேண்டும்.

இரண்டு கட்டளைகளையும் நிறைவேற்றும் வழி யாது? எல்லோருக்கும் ஒரே அளவு; அந்த அளவும் சிறிய அளவு. பெயர், வகுப்பு, ஒரு நிமிட அமைதி. எவ்வாறு மாண்டான் என்பது மேடையிலே சொல்லப்பட வேண்டியதன்று. மிகையாகச் செய்யப் புகுந்தால்தான் யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்னும் வழக்கு எழும். பெயரை மட்டும் அழைத்தால் அவ்வழக்குக்கு இடமே இல்லை.

எமது மண்ணிலே

அன்பர்களே! எமது பள்ளிக்கூடங்களிலே பட்டமளிப்பு விழா என்னும் வழக்கம் பெரிதாக இல்லை. பரிசளிப்பு விழாவே எமக்குப் பெருநாள். ஆயினும், இக்கேள்வி எமக்கு அந்நியமானதா? 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி வடமராட்சி கிழக்கிலே நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மேல் விமானக் குண்டு வீழ்ந்தது. வெள்ளைச் சீருடையிலே மாணவர் மாண்டனர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரக் கிராமங்களின் வகுப்பறைகளை வெறுமையாக்கியது. போர்க்காலத்திலே இடம்பெயர்ந்த பள்ளிகள் பலவற்றில் இடாப்புகளே எஞ்சவில்லை. நாம் நினைவு நாள் கொண்டாடுகின்றோம், சுடர் ஏற்றுகின்றோம், அது நன்று. ஆனால், நினைவு நாளிலே அப்பிள்ளை மாண்டவன் என்றே நினைக்கப்படுகின்றான். அவனுடைய வகுப்பு நிறைவு விழாவிலே பெயர் அழைக்கப்படும்போதுதான் அவன் மாணவனாக நினைக்கப்படுகின்றான். அவன் கணிதத்திலே கெட்டிக்காரன், பந்தாட்டத்திலே வல்லவன், மாலையிலே தகப்பனாருக்கு இறைப்புக்குத் துணை நின்றவன். அவன் வாழ்ந்த வாழ்க்கைக்கு உரிய மரியாதை அங்கேதான் இருக்கின்றது.

உடல் கிடைக்காத கொரியப் பிள்ளைகளைப் பற்றிக் கூறினேன். காத்திருப்பதன் பொருளை எமது தாய்மார் அறிவர். மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது, "என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள், பத்திரத்தைப் பிறகு பார்ப்போம்" என்று மறுத்த தாய்மார் எத்தனை பேர்! 2016ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மாண்டார் என்று கூறாது, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் உரைக்கும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தது. அச்சான்றிதழ் உண்மையைத் தந்துவிடாது. ஆயினும், ஒரு பதிவேட்டிலே எந்தச் சொல் எழுதப்படுகின்றது என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அரசாங்கப் பதிவேட்டுக்குப் பொருந்தும் இந்நியாயம் பள்ளிக்கூட இடாப்புக்குப் பொருந்தாதா?

கமக்காரப் பெரியோர்களே! உங்கள் வீட்டுக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் மாண்டு நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர் பெயரை யாராவது வெட்டிவிட்டார்களா? இன்னாரிடமிருந்து இன்னாருக்கு முதுசமாக வந்தது என்று அவர் பெயர் அங்கே நிற்கின்றது. அப்பெயர் நிற்பதனாலேயே உங்கள் உரித்தும் நிற்கின்றது. மாண்டவர் என்பதற்காகப் பெயரை வெட்டும் உறுதியை எந்த நொத்தாரிசும் எழுதமாட்டார். நிலத்தின் கணக்கிலே நாம் காட்டும் இக்கவனத்தைப் பிள்ளைகளின் கணக்கிலே காட்டலாகாதா?

செய்யத் தக்கவை

ஆகையால், இச்சங்கத்தின் ஆலோசனைக்குச் சில விதிகளை முன்வைக்கின்றேன்.

முதலாவது: மாணவன் ஒருவன் மறைந்தால் அவனுடைய பெயரை இடாப்பிலிருந்து நீக்கலாகாது. பெயருக்கு எதிரே மறைந்த திகதியை மட்டும் எழுதுக. "விலகினார்" என்றோ "நீக்கப்பட்டார்" என்றோ எழுதற்க. திணைக்களப் படிவத்திலே அதற்கு இடம் இல்லையெனின், இடம் உண்டாக்கும்படி திணைக்களத்துக்கு எழுதுவோம். எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கின்றேன்.

இரண்டாவது: அவனுடைய வகுப்பு நிறைவெய்தும் ஆண்டின் விழாவிலே, பெயர் வரிசையில் அவனுக்குரிய இடத்திலேயே பெயரை அழைக்க வேண்டும். இறுதியிலே தனியாகச் சேர்ப்பது, விருந்தினர் போன பின்னர் வாசிப்பது, இவை கூடா.

மூன்றாவது: பெற்றாரின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும். ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குச் சென்று, "நீங்கள் விரும்பினால் மேடைக்கு வரலாம், விரும்பினால் சபையிலே இருக்கலாம், வேண்டாமெனின் அதையும் மதிக்கின்றோம்" என்று சொல்ல வேண்டும். அஞ்சலிலே கடிதம் அனுப்பி முடிக்கும் காரியமன்று இது. பிள்ளையைக் காணாது காத்திருக்கும் வீடாயின், அவர்கள் சொல்லும் சொல்லைத்தான் நாமும் சொல்ல வேண்டும். மறைந்தவன் என்று நாமாக முடிவு கட்டலாகாது.

நான்காவது: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முறை. அதிபரின் மகனாயினும், கூலிக்காரரின் மகளாயினும், நோயாயினும், விபத்தாயினும், வேறெவ்வாறாயினும் அளவு ஒன்றே. ஆசிரியருக்கும் அவ்வாறே, நிரந்தரம், தற்காலிகம் என்னும் பேதம் வேண்டாம்.

ஐந்தாவது: அந்த நேரத்திலே எவரும் உரை நிகழ்த்தலாகாது. நானும் அரசியல் மேடைகளிலே நிற்பவன். அதனாலேயே இதனை அழுத்திச் சொல்கின்றேன். ஒரு தாய் தன் பிள்ளையின் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள வரும் நிமிடம், என்னைப் போன்றோர் வாக்குக் கேட்கும் நிமிடமாகிவிடக் கூடாது. கேட்க வேண்டிய நீதியை நீதிமன்றத்திலே கேட்போம்; பாராளுமன்றத்திலே கேட்போம்; வீதியிலும் கேட்போம். விழா மண்டபத்திலே பெயரை வாசிப்பவர் வகுப்பாசிரியராகவே இருக்கட்டும். முன்னர் காலை தோறும் அப்பெயரை அழைத்து இடாப்பிலே குறியிட்டவர் அவரேயன்றோ?

ஆறாவது: எவ்வளவு சிறப்பாக இவ்விழா நடந்தாலும், அம்மரணத்துக்குக் காரணமான தவறு ஏதேனும் இருப்பின், அதனைக் கண்டறியும் கடமை அத்துடன் முடிந்துவிடாது. மதகு காக்கப்படாத வாய்க்காலிலே பிள்ளை வீழ்ந்தால், வாய்க்காலைத் திருத்தாது மலர் தூவுவதிலே பயன் இல்லை.

பெரியோர்களே! இவ்விதிகளுக்கு அரசாங்கப் பணம் ஒரு சதமும் வேண்டியதில்லை. புதிய சட்டமும் வேண்டியதில்லை. ஒரு பக்கத் தாளிலே எழுதி, இச்சங்கம் ஏற்று, அதிபர் ஒப்பமிட்டு, அலுவலகச் சுவரிலே தொங்கவிட்டால் போதும். துயரம் வந்த பின்னர் விதி எழுத முற்பட்டால், அழுது நிற்கும் ஒரு வீட்டாரின் முன்னே நின்று விவாதிக்க நேரிடும். எந்தக் குடும்பத்தையும் குறியாகக் கொள்ளாத வேளையில் எழுதும் விதியே நடுநிலையான விதி.

தன்வொன் பள்ளியின் பெற்றாருக்கு அந்த ஒரு பக்கம் முன்னரே இருந்திருந்தால், பிள்ளையை இழந்த துயரோடு இடாப்பிலே பெயரை மீட்கும் போராட்டத்தையும் அவர்கள் சுமந்திருக்க வேண்டியதில்லை. எமது ஊரிலே எந்தத் தாய்க்கும் அச்சுமை வேண்டாம். இப்பிரேரணையை இன்றிரவே எடுத்து ஆராயுமாறு தலைவர் அவர்களைக் கேட்டு அமர்கின்றேன்.